ஈயக் கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் ஓர் ஐந்து ரூபாய்க் காசின் மேல் அரம் வைத்துத் தேய்த்தார். அன்றிலிருந்து லோகேஸ்வரனுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆகாது என்பது மரியாதைக்காக நான் சொல்கிற வார்த்தை. அந்த ஆள் நாசமாகப் போகவேண்டும், அதைத் தான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பதுதான் அவன் மனசில் இருந்தது. பல் விளக்கும்போதும் அதே நினைப்பு, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் அதே நினைப்பு.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். லோகேஸ்வரன் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். வீடு செவிலிமேட்டில். வீட்டில் அவனும் அம்மா பொன்னியம்மாளும் மட்டும். போனைப் பிரித்து உள்ளே இருக்கும் போர்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஈயம் தொட்டு வைப்பது அவன் தொழில். வேலை இல்லாத மத்தியானங்களில் கல்லாச் சில்லறையை அதே மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்க்கப்போய், நாணயக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. குடிப்பழக்கத்துக்கு இது தேவலாம் என்று அவன் அம்மாவும் விட்டுவிட்டாள்.

தனசேகரன் காந்தி ரோட்டில் பட்டுக் கடைக்காரர். ஊர் நாணயச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சங்கம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் கடை மாடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, ஒருவர் காசை இன்னொருவர் குறை சொல்லிவிட்டு, போண்டா சாப்பிட்டுக் கலைகிற கூட்டம். ஜரிகை அசலா போலியா என்று உரசிப் பார்த்தே வளர்ந்த கை அவருடையது. அதனால் காசு விஷயத்திலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு.

இந்தக் கூட்டம் உயிரை விடுவது அச்சுப் பிழை உள்ள காசுகளுக்கு. நாணயச் சாலையில் இரும்பு அச்சு ஒரு காசை ஓங்கி அடிக்கிறது, அடுத்ததை அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. அடித்து அடித்து அலுத்துப்போய் அச்சு எங்கேயாவது விரிசல் விடும். அப்புறம் அடிக்கிற காசில் எல்லாம் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறி, தலைமயிர் கனத்தில் ஒரு மேட்டுக் கோடாக நிற்கும். காசில் கீறல் என்றால் பள்ளம், அச்சு விரிசல் என்றால் மேடு. நகத்தால் தடவினாலே தெரியும். அச்சைத் தூக்கிப் போடும்வரை விரிசல் வளரும், அதோடு சேர்ந்து காசில் கோடும் நீளும். ஒரே அச்சில் இப்படிப் பிறந்த காசுகளைச் சங்கத்தில் ‘கூடப் பொறந்தது’ என்பார்கள்.

லோகேஸ்வரனுக்கு அப்படி ஒரு காசு கிடைத்தது, கடைச் சில்லறைக்காக பேங்கில் வாங்கி வந்த புதுப் பாக்கெட்டில். மஞ்சளாக மின்னும் ஐந்து ரூபாய்கள், வருஷத்துக்குக் கீழே ஐதராபாத் நாணயச் சாலையின் அடையாளமான நட்சத்திரம். பாக்கெட்டை வீட்டில் வைத்துப் பிரித்தான். பிரித்ததும் பொன்னியம்மாள் மேலாக ஒரு காசை எடுத்துப் போய்ச் சாமி அலமாரியில் வைத்தாள். அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும், அரிசி மூட்டையானாலும் ஊதுவத்திக் கட்டானாலும், முதல் பங்கு அலமாரிக்குத்தான். மிச்சத்தைக் கடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், ஒரு காசில் அப்படியே நின்றுவிட்டான்.

விளிம்பில் தொடங்கி, நடுச் சிங்கத்தின் பிடரியில் ஏறி, மார்புக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிகிற ஒரு கோடு. அப்படி ஒரு விரிசலைச் சங்கத்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை. பாக்கெட் முழுக்கத் துழாவியும் அதன் கூடப்பிறந்தது இன்னொன்று அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனான். கை மாறி மாறிக் காசு ஜமக்காளத்தைச் சுற்றி வந்தது. சங்கத்துச் செயலாளர் சபாபதி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற சாது மனிதர், செல்போனைக் கிட்டே வைத்துப் படம் எடுத்து அங்கேயே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அன்றைக்குத் தனசேகரனும் ஒரு காசு கொண்டுவந்திருந்தார். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லா வம்பும் அங்கே ஆரம்பித்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

“தம்பிக்குக் கடையில இன்னா வேலை?” என்று கேட்டார் தனசேகரன், தெரியாதவர் மாதிரி.

“மொபைல் சர்வீஸ் சார்.”

“ஈயம் வைக்கிற வேலைதானே அது?” நாலு பேர் சிரித்தார்கள். “உங்க பக்கத்து ஆளுங்களுக்குக் கைவேலைய யாராச்சும் சொல்லித் தரணுமா இன்னா. நல்லாத்தான் இழுத்துருக்கே.”

எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. லோகேஸ்வரனுக்கும் புரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் தனசேகரன் மேசையிலிருந்து அரத்தை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் காசை வைத்துக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். “இன்னொருத்தன் ஏமாறக் கூடாது பாரு” என்று வேறு சொன்னார்.

ஈயமாக இருந்தால் தூள் வெளுப்பாக விழவேண்டும். முதல் தேய்ப்பிலேயே தாளில் விழுந்தது மஞ்சள். தனசேகரன் அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி லோகேஸ்வரனைப் பார்த்தார். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பதையும் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்துத் தாளின் மேல் ஊதினார். தூள் பறந்து போய்விட்டது. கோடு மொத்தமும் மழுங்கும்வரை தேய்த்து, காசைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

தெரியாமல் செய்திருந்தால் லோகேஸ்வரன் என்றைக்காவது மன்னித்திருப்பான். ஊதினாரே, அதைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவன் பெயர் ஈய லோகு. சங்கத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பெயர் மாடிப்படி இறங்கி, காந்தி ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது. பழுது பார்க்கிறவனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போவது அவனை நம்பித்தான். இப்போது வருகிறவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். “கண்ணு முன்னாடியே பண்ணுப்பா. உள்ள இருக்கிறத மாத்திட்டா எங்களுக்கு இன்னா தெரியும்?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொல்வதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

பொன்னியம்மாளுக்கு விஷயம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, குமரகோட்டம் முருகனை நினைத்துக்கொண்டு, “எம்புள்ள பேரு கெட்டுப்போச்சு, அத நீதான் நிமுத்திக் குடுக்கணும்” என்று சொல்லி, படத்துக்கு அடியில் ஆணியில் மாட்டினாள். வேண்டுதல் பலித்தால் காசு கோயில் உண்டியலுக்குப் போகும். பலிக்கிறவரைக்கும் முடிச்சைப் பிரிக்கக் கூடாது. தினமும் காலையில் அதன் எதிரில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் லோகேஸ்வரன் கடைக்குப் போவான்.

அவனுக்கு நியாயமாக ஒரு வழி இருந்தது. அதே அச்சில் பிறந்த இன்னொரு காசைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். சபாபதி எடுத்த படம் இன்னமும் குரூப்பில் கிடந்தது. அதே பிடரி, அதே மார்பு, அதே இடத்தில் பிரிகிற கோடு உள்ள காசை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தனசேகரன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? வருஷக்கணக்காகத் தேடினான். டீக்கடை, பூக்கடை, வாலாஜாபாத் பஸ் கண்டக்டர், யாரிடம் ஐந்து ரூபாயைக் கண்டாலும் வாங்கித் தடவிப் பார்த்தான். தடவிப் பார்த்த காசை எல்லாம் வைத்து ஒரு வீடு கட்டியிருக்கலாம். கூடப்பிறந்தது கிடைக்கவேயில்லை.

இப்படியே போயிருந்தால் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. தனசேகரன் ஆறவிடவில்லை. போலிக் காசைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பினார். அதில் அவர் கையில் பிடித்து ஆட்டி ஆட்டிக் காட்டியது, அவர் அரத்தால் தேய்த்த அதே காசு. “இது நம்ம ஊரு மெக்கானிக் ஒருத்தரு பண்ண கைவரிசை” என்றார். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பொன்னியம்மாளிடமே கொண்டுவந்து காட்டினாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்ததை லோகேஸ்வரன் வாசற்படியில் நின்றபடி பார்த்தான்.

அன்றைக்கு நியாயமான வழியைத் தலைமுழுகினான். ஈயக்காரன் என்றுதானே சொல்கிறாய், ஈயம் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு வேலையில் இறங்கினான்.

எப்படிச் செய்தான் என்பதை முழுசாக இங்கே எழுதமாட்டேன். படிக்கிறவர்களில் எத்தனை பேர் யோக்கியர்கள் என்று எனக்குத் தெரியாது. ஈயம் பத்தவைக்கும் கோலின் மிகச் சின்ன முனையை வைத்து, ஒரு புது ஐந்து ரூபாயில் விளிம்பிலிருந்து விளிம்புக்குக் காசைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரு கோடு இழுத்தான், அதற்கு மேல் காசின் நிறத்தை ஏற்றினான் என்பது போதும். எத்தனையோ காசு பாழாய்ப் போன பிறகுதான் ஒன்று கைகூடியது. பித்தளையிலேயே கோடு வைத்திருக்கலாம், அதுவும் அவனுக்கு வரும். ஆனால் வேண்டுமென்றே ஈயத்தில் வைத்தான். அது நாலு பேர் பார்க்க உருக வேண்டும்.

பெரிய கஷ்டம் கோட்டின் அடிவாரம். அசல் விரிசல் காசிலேயே முளைத்த மாதிரி நிற்கும். ஒட்டவைத்தது அடியில் காட்டிக் கொடுத்துவிடும். தனசேகரன் லென்ஸை வைத்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்கு லோகேஸ்வரன் கண்டுபிடித்த மருந்து குங்குமம். நல்லெண்ணெயில் குழைத்து, கோட்டின் இரண்டு ஓரத்திலும் அப்பிக் காயவைத்தான். கோயில் காசு என்று பார்த்ததும் தெரியும். காசைக் கழுவினால் மதிப்புப் போகும் என்பது சங்கத்து விதி. அம்பாள் குங்குமத்தைச் சுரண்டினால் பாவம் என்பது ஊர் விதி. பட்டை பட்டையாக விபூதி பூசும் தனசேகரன் இரண்டையும் மீறமாட்டார். இத்தனை வஞ்சகம் செய்தவன், கோயில் குங்குமத்தை இதற்குத் தொடப் பயந்துகொண்டு கடைக் குங்குமத்தைத்தான் வாங்கினான் என்பதையும் சொல்லவேண்டும்.

காசைக் கொண்டுபோனது ராமராஜன். லோகேஸ்வரனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒன்றும் தெரியாத அப்பாவி முகம் அவனுக்கு இயற்கையிலேயே அமைந்தது. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா சில்லறையாகக் கொடுத்தாள், இதில் என்னமோ கோடு இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சொல்வீர்களாமே என்று காந்தி ரோட்டில் போய் நின்றான். திரும்பி வந்தவன் சிரிப்பை அடக்கமுடியாமல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“இன்னாடா ஆச்சு?”

“லென்ஸ வச்சான்டா. எடுக்கவே மனசில்ல அந்தாளுக்கு. அப்புறம் மூஞ்ச சப்புனு வச்சிக்கினு, ‘இது ஒண்ணுமில்ல தம்பி, சாதா காசுதான், சாமி காசாச்சேனு பாக்குறேன், என்கிட்டயே இருக்கட்டும்’னான்.”

“அரத்த எடுத்தானா?”

“எடுத்தான். குங்குமத்தப் பாத்தான், கண்ணுல ஒத்திக்கினான், அரத்த எடுத்த எடத்துலயே திருப்பி வச்சிட்டான்.” ராமராஜன் ஒரு பையை எடுத்து மேசையில் போட்டான். “காசுக்குப் பதிலா ரவிக்கைத் துணி குடுத்துருக்கான். உங்க வீட்டம்மாகிட்ட குடுன்னு.”

லோகேஸ்வரன் அந்தத் துணியைக் கடையிலேயே வைத்துக்கொண்டான். மைக்ராஸ்கோப்பு துடைக்க உதவியது.

வருஷக் கண்காட்சியை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சென்னை, வேலூரிலிருந்தெல்லாம் சேகரிப்பவர்கள் வந்திருந்தார்கள். மேடைக்கு நடுவில், கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அரக்குப் பட்டுத் துணியின் மேல் குங்குமம் ஒட்டிய ஐந்து ரூபாய். தனசேகரன் மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு அச்சு விரிசல் நாட்டிலேயே இன்னொன்று இல்லை என்றார். அம்பாளாகப் பார்த்துத் தன் கையில் கொடுத்தாள் என்றார். “அசலப் பாத்தா என் கண்ணு சொல்லிடும். உரசிக்கூடப் பாக்க வேணாம்” என்று முடித்தார்.

லோகேஸ்வரன் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் ருசித்தான். கைதட்டல் அடங்கியதும் எழுந்து மேடைக்குப் போனான். கையில் பேனா கனத்தில் பாட்டரியில் ஓடுகிற ஈயம் பத்தவைக்கும் கோல்.

“சார், அதுக்கு ஒரு தபா சூடு காட்டலாமா?”

தனசேகரனுக்கு முகம் மாறியது. “யார்ரா இவன உள்ள விட்டது? ஈய லோகுதானே நீ?”

“ஆமா சார். எனக்குத் தெரிஞ்சது ஈயம்தானே. அசல் கோடுன்னா சூட்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஆவாதுல்ல?”

வெளியூர்க்காரர்கள் எழுந்து மேடைப் பக்கம் வந்துவிட்டார்கள். காட்டினால் என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சபாபதிதான் நடுவில் வந்தார். “காட்டட்டும் சார். அசல்னா நமக்கு இன்னா பயம்” என்று தன் போக்கில் பெட்டியைத் திறந்து காசை வெளியே வைத்தார். தனசேகரன் வேண்டாம் என்றால் ஒரு மாதிரி, சரி என்றால் ஒரு மாதிரி.

லோகேஸ்வரன் முனையைக் கோட்டில் வைத்தான். முதலில் குங்குமம் கருகி எண்ணெய் வாசனை எழுந்தது. அப்புறம் கோடு மெல்ல அசைந்தது, சுருண்டது, ஒரு கடுகாக உருண்டு காசின் நடுவில் வெள்ளையாக நின்றது. கோடு இருந்த இடத்தில் சிங்கம் சுத்தமாகத் தெரிந்தது. மண்டபமே எட்டிப் பார்த்தது. யாரோ ஒருவர் சிரிக்க, சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று.

அத்தோடு அவன் இறங்கி வந்திருக்கவேண்டும். நான் பக்கத்தில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். ஆனால் தனசேகரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தழுதழுத்த குரலில், “யாரோ ஒரு பாவி சாமி பேரச் சொல்லி என்னை ஏமாத்திட்டாம்பா. நம்புனேன். அது தப்பா?” என்றார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஐயோ பாவம் என்று தலையை ஆட்டினார்கள். வெளியூர் பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஊதித் தள்ளிய வாய்க்குப் பரிதாபம் கிடைக்கிறது. லோகேஸ்வரனுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. யார் கொடுத்த அடி என்று தெரியாமல் இந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பதா?

“நான்தான் வச்சேன்” என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “என் கடையில, என் கையால வச்சேன். குங்குமமும் நான்தான் அப்புனேன். என் காச நீ அரத்தால தேய்ச்சே, இத கண்ணுல ஒத்திக்கினியே, எங்க போச்சு உன் கண்ணு?”

சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதி அவனுக்குப் போதையாக இருந்தது. “உருகணும்னுதான் ஈயத்துல வச்சேன். நான் நெனச்சிருந்தா உருகாத மாதிரி பித்தளையிலயே வச்சிருப்பேன். சூடு காட்டு, தேய்ச்சிப் பாரு, இந்த மண்டபத்துல ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க.”

தனசேகரன் துண்டை மடித்துத் தோளில் போட்டார். தோற்றுப்போன மனுஷன்தான். ஆனாலும் கடைக்காரர். எதை எப்போது எடுத்து விரிக்கவேண்டும் என்று தெரிந்தவர்.

“அப்ப நான் அன்னிக்கி சொன்னது சரிதானேப்பா” என்றார், மைக்கில், நிதானமாக.

“அது அசலு. அதுல ஈயம் கெடையாது. மஞ்சாத் தூள் விழுந்துச்சி, நீயே பாத்தே, பாத்துட்டு ஊதுனே.”

இதற்கும் சிலர் சிரித்தார்கள். லோகேஸ்வரன் திரும்பி சபாபதியைப் பார்த்தான். அந்தச் சாது மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “நீயே சொல்லுப்பா” என்றார் வருத்தமாக. “இவ்ளோ கைவரிசைய நீயே சொன்னப்புறம் நாங்க எத நம்புறது?”

பழி தீரவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். நன்றாகவே தீர்ந்தது. தனசேகரன் அந்த வாரமே தலைவர் பதவியை விட்டார். அவர் அசல் என்று சொன்ன காசுகளை எல்லாம் ஆட்கள் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து பட்டுக் கடை வாசலில் நின்று கத்தினார்கள். மண்டபத்தில் எடுத்த வீடியோ, அவருடைய பழைய வீடியோ போகாத ஊருக்கெல்லாம் போனது. காசில் இப்படி ஏமாந்தவர் ஜரிகையில் எப்படியோ என்று கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் படியேறாமல் அடுத்த கடைக்குப் போனதை ராமராஜன் தன் கண்ணால் பார்த்து வந்து சொன்னான். லோகேஸ்வரன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். இருவரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். தன் பெயர் இன்னமும் ஈய லோகுதான் என்பது அவனுக்கு உறைக்காமல் இல்லை. போகட்டும், அந்த ஆள் பெயரும் போச்சே என்று இருந்தது. அத்தனை சுகமாக இருந்தது.

பொன்னியம்மாளுக்கு வந்து சேர்ந்த சேதி இன்னும் சுருக்கம். தன் மகனை அவமானப்படுத்தியவன் ஊர் முன்னால் அவமானப்பட்டான். வேண்டுதல் பலித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஆணியில் இருந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டாள். “குமரகோட்டம் போவலாம் வா. உனக்காக வேண்டிக்கினது, உன் கையாலதான் போடணும்” என்று அவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

உண்டியல் முன்னால் சின்ன வரிசை இருந்தது. அம்மா முடிச்சை அவன் கையில் கொடுத்தாள். வருஷக்கணக்காக ஊதுவத்திப் புகையில் இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்துத்தான் பிரிக்கவேண்டியிருந்தது. உள்ளே ஐந்து ரூபாய், நேற்று அடித்த மாதிரி மஞ்சளாக மின்னியது. உண்டியல் துளையை நோக்கிக் கையைக் கொண்டுபோனவனின் கட்டைவிரலில் ஏதோ ஒரு மேடு தட்டுப்பட்டது.

சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் லென்ஸை எடுத்தான். விளிம்பில் தொடங்கி, சிங்கத்தின் பிடரியில் ஏறி, மார்பில் இரண்டாகப் பிரிந்தது கோடு. சபாபதி எடுத்த படத்தில் மார்போடு நின்றுபோயிருந்த கிளைகள் இதில் வளர்ந்து பாதம் வரைக்கும் இறங்கியிருந்தன. வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம்.

“இது ஏதும்மா?”

“ஏதுன்னா? நீ பாக்கெட்டு பிரிச்ச அன்னிக்கி மொதல்ல எடுத்து சாமிக்கு வச்சேனே, அதாம்பா. புதுக் காசாச்சேன்னு அதையே முடிஞ்சேன்.”

அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஊரில் உள்ள காசை எல்லாம் தடவியவன் இதன் எதிரில் தினமும் கைகூப்பி நின்றிருக்கிறான். அது ஒரு காசு என்பதே அவனுக்குத் தோன்றவில்லை, அவனுக்கு அது சாமி. அம்மா கேட்ட அன்றைக்கே முருகன் கொடுத்துவிட்டான். கொடுத்ததை இவர்கள் முடிந்து மாட்டிவிட்டார்கள்.

இப்போதே சபாபதி வீட்டுக்கு ஓடலாம் என்று நினைத்தான். அந்த நல்ல மனிதர் காசை வாங்கிப் பார்ப்பார், படத்தோடு வைத்துப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இதையும் நீயேதான் வச்சியாப்பா?” என்று அன்பாகக் கேட்பார். சூடு காட்டி உருகாவிட்டால், உருகாத மாதிரியும் வைக்கத் தெரியும் என்று சொன்னவன்தானே என்பார்கள். தேய்த்து மஞ்சள் தூள் விழுந்தால், பித்தளை என்பார்கள். மைக்கில், தன் வாயாலேயே, ஒரு கதவு விடாமல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வந்திருக்கிறான்.

இந்தக் காசைப் பார்த்த மாத்திரத்தில் அசல் என்று நம்பக்கூடியவர் காஞ்சிபுரத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். முதல் காசின் தூள் மஞ்சளாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் இப்போது கடையை அரைக்கதவு சாத்தி வைத்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று ராமராஜன் நேற்றுத்தான் சொன்னான்.

“போடுப்பா, பின்னால ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க” என்றாள் பொன்னியம்மாள்.

போட்டான். காசு உள்ளே விழுந்து மற்றக் காசுகளோடு காசாகிவிட்டது. பொன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

“உன் பேர நிமுத்திக் குடுத்துட்டாம்பா” என்றாள்.

லோகேஸ்வரன் ஆமாம்மா என்றான்.